கிளி கேட்காத பேச்சு

"அக்கா, சாப்பிட்டியா?"

முன்னறையிலிருந்து அந்தக் குரல் வந்தபோது நர்ஸம்மா சமையலறையில் தேநீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடி நின்றது. கணவர் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் அதே கரகரப்பு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விடுகிற அதே இழுப்பு. தொடர்ந்து ஒரு செருமல். பிறகு, "கிளட்ச மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா."

கிளி. வேறு யார்?

"என் தம்பியேதான். அப்படியே என் தம்பிதான்" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வது கேட்டது.

நர்ஸம்மா மூன்று தம்ளர்களையும் தட்டில் எடுத்து வைத்தாள். நாத்தனாருக்குச் சர்க்கரை வியாதி. அவருடைய தம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. எவ்வளவு கோபத்திலும் அவள் கை தன் வேலையைத் தவறாமல் செய்தது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் பாதி ஆயுளை இரவு டியூட்டியிலேயே கழித்த கை அது. பகல் டியூட்டிக்கு ஆள் கிடைப்பார்கள், இரவுக்குக் கிடைக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை "சரி, நான் பார்க்கிறேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு யாரும் அவளை விடவில்லை. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'நைட் டியூட்டி'தான். தெருவில்தான் மரியாதையாக நர்ஸம்மா என்றார்கள்.

இன்று காலையும் டியூட்டி முடிந்து வந்தவள்தான். இன்னும் கண் மூடவில்லை. அவள் தூங்கும் நேரம் இதுவென்று நாத்தனாருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வந்திருந்தார்.

வந்தது கூடப் பரவாயில்லை. அவர் கொண்டுவந்த பொருள் முன்னறையின் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு புதுக் கூண்டு. பளபளவென்று, கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூட முழுதாகப் பிரிக்காமல். வாடகைக் காரிலிருந்து இறங்கும்போதே அதைக் கையில் தூக்கிக்கொண்டுதான் படியேறினார். "கிளியைக் குடுக்கிறியா?" என்று இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வருகிறவர்கள் கூண்டு வாங்கிக்கொண்டா வருவார்கள்?

நர்ஸம்மா தட்டோடு முன்னறைக்கு வந்தாள். ஜன்னலோரம் பழைய கூண்டில் கிளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சோபாவின் கைப்பிடியில் மகள் உட்கார்ந்திருந்தாள். வேலை பார்க்கிற ஊரிலிருந்து லீவு போட்டுவிட்டு நேற்றுத்தான் வந்தவள்.

"உக்காரும்மா" என்றார் நாத்தனார், தானே வீட்டுக்காரி போல. "ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லுங்க அண்ணி."

"என் தம்பி ஆசை ஆசையா வளர்த்தது ரெண்டே ரெண்டு. உள்ளே இந்தக் கிளி. வெளியே அந்த மரம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. நியாயம்தானே?"

"ரெண்டு இல்ல அத்தை, மூணு" என்றாள் மகள். "நானும் இருக்கேன்."

"உன்னை வளர்த்தது நான்டி" என்று நாத்தனார் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை. அதனால்தான் நர்ஸம்மாவுக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது. பொய் என்று மறுக்கவும் முடியாது. மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே நாத்தனார் வீடு. பள்ளி விட்டதும் அங்கே போவாள், சாப்பிடுவாள், அங்கேயே டியூஷன், அங்கேயே விளையாட்டு. எட்டு மணிக்கு அப்பா காரில் போய் அழைத்து வருவார். அந்த நேரம் அம்மா வார்டில் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருப்பாள். பிள்ளை இல்லாத நாத்தனார் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி, நகம் வெட்டி, காய்ச்சலில் மடியில் போட்டுப் பார்த்தார். நன்றி இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவரின் நன்றியை இத்தனை வருடமா கயிறு போலப் பிடித்து இழுப்பது?

"யாருக்கு எதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க போல" என்றாள் நர்ஸம்மா. "கூண்டு முன்னாடியே வந்துடுச்சே."

"மரத்தை நான் மடியில கட்டிட்டா போக முடியும்? கிளின்னா தூக்கிட்டுப் போகலாம். அதுவும் இல்லாம, மரத்தால எனக்கு என்ன பிரயோஜனம்? கிளி ஆளைப் பார்த்தா அடையாளம் தெரிஞ்சுக்கும். கூப்பிடும். பேசும். நல்லா கவனிச்சா நம்ம காலம் வரைக்கும் கூட இருக்கும். உன் மரம் என்ன பண்ணும்? பூக்கிறது கொஞ்ச நாள், கொட்டுறது வருஷம் பூரா. பூ விழுந்து வாசல் வழுக்கும், இலை விழுந்து சாக்கடை அடைக்கும், அப்புறம் கத்தி மாதிரி அந்தக் காய் வேற. காத்தடிச்சா கிளை முறிஞ்சு காரு மேல விழும். விறகுக்குக் கூட ஆகாத ஜாதி."

"அத்தை, மரம் பாவம். அதுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது" என்றாள் மகள்.

"அதத்தான் நானும் சொல்றேன். பேசத் தெரியாது. உங்கம்மா மாதிரி."

நர்ஸம்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். சற்று பலமாகவே வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு உயிர்களும் இந்த வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரே அவரை மாஸ்டர் என்றது. கிளி வந்தது பின்னால்தான். ஒரு நாள் பயிற்சி மைதானத்து ஓரத்து மரப்பொந்திலிருந்து இறகு முளைக்காத குஞ்சு ஒன்று கீழே விழுந்தது. அந்த நேரம் பார்த்து மாணவர் ஒருவர் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரம் ஒரு கை அகலத்தில் நின்றது. "என் ஸ்டூடண்டு ரிவர்ஸ் எடுத்து உசிரோட தப்பிச்ச ஒரே ஜீவன்" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தார். கியர் என்று பெயர் வைத்தார். மூன்றாம் வருடம் அதன் கழுத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் விழுந்தது. ஆண் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அது வாயை மூடவே இல்லை.

மரம் அதற்கும் பல வருடம் முந்தியது. அது மயில்கொன்றை. குடை விரித்த மாதிரி பரந்து, சீசனில் இலை தெரியாமல் சிவப்பாகப் பூக்கிற மரம். அவள் படுக்கும் அறை கிழக்குப் பார்த்தது. காலையில் அவள் வந்து தலையைச் சாய்க்கும்போதுதான் வெயில் உள்ளே வந்து கட்டிலில் ஏறும். மாஸ்டர் முதலில் கண்ணாடியில் காகிதம் ஒட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் ஒரு கன்றைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு நேரே நட்டார். சீக்கிரம் வளரும், நன்றாகப் படரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வளர்ந்தது, படர்ந்தது. ஆனால் அந்த யாரோ ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டார்கள். கோடை தொடங்கும்போது அந்த மரம் இலை அத்தனையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நிழல் தேவைப்படாத மாதமெல்லாம் நிழல். வெயில் கொளுத்தும் நேரத்தில் வெறும் குச்சி.

தெருவே சிரித்தது. நாத்தனார்தான் அதிகமாகச் சிரித்தார். மாஸ்டர் ஏணி போட்டு ஏறி, தன் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் துணிகளை மொட்டைக் கிளைகளில் கட்டினார். புது இலை வரும் வரை ஒவ்வொரு கோடையிலும் நர்ஸம்மா 'எளிதில் கற்கலாம், இன்றே சேருங்கள்' என்ற எழுத்துகளின் நிழலில்தான் தூங்கினாள்.

பூக்கும் காலம் வந்தால் வேறு தொல்லை. காட்டுக் கிளிகள் கூட்டமாக வந்து மரத்தில் இறங்கும். ஒரு பூவைக் காம்போடு கடித்து, அடியில் இருக்கும் தேனைச் சப்பிவிட்டு, மீதியைக் கீழே போட்டுவிடும். அடுத்த பூ. அதையும் போடும். பசியால் தின்றால் கூடத் தேவலை. ஒரு சொட்டுக்காக முழுப் பூவையும் வீசுகிற ஜாதி அது. வீசுகிறபோது ஊரைக் கூட்டுகிற கத்தல் வேறு. பயிற்சி இல்லாத நாட்களில் மாஸ்டர் மரத்தடியில் நின்று துண்டை வீசி விரட்டுவார். வாயைத் திறக்க மாட்டார், கையைக் கூடத் தட்ட மாட்டார். உள்ளே அவள் தூங்குகிறாள். சத்தமே இல்லாமல் ஒரு ஆள் ஆகாயத்தைப் பார்த்துத் துண்டை ஆட்டுவதைப் பார்த்து, "மாஸ்டர் பிளேனுக்கு சிக்னல் குடுக்கிறார்" என்று எதிர்வீட்டார் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பயிற்சிக் காரிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் கற்றுக்கொண்டபடி சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, பிரேக் பிடித்து நிறுத்தினாளாம். அதற்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் கிளி பெரிய ஆளாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அது மாஸ்டர் குரலில் "அக்கா, சாப்பிட்டியா?" என்றது. "லெஃப்ட் பாரு, ரைட் பாரு" என்றது. "ஹலோ, யாரு பேசறது?" என்றது. என்னென்னவோ சொன்னது. அவளைப் பற்றி, அவளைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் ஒருவர் கவனித்தார். பிறகு எல்லோரும் கவனித்தார்கள். நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசற ஆள் இல்ல" என்று இப்போதும் அவர் தொடங்கினார். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். "ஊரெல்லாம் கேட்டுட்டாங்க. அந்தக் கிளி இத்தனை வருஷமா இந்த வீட்டுல கேட்டதைத்தானே சொல்லுது? அதுல என் பேச்சு இருக்கு. அவன் ஸ்டூடண்டுங்க பேச்சு இருக்கு. பால்காரன் பேச்சு கூட இருக்கு. உன் பேச்சு இல்ல. அவன் தப்புன்னும் சொல்லல, உன் தப்புன்னும் சொல்லல. நீ ராத்திரி எல்லாம் ஆஸ்பத்திரில, பகல் எல்லாம் தூக்கம். அவன் யார்கிட்ட பேசுவான், பாவம். பேசாமலே ஒரு குடித்தனம் ஓடிப்போச்சு. அதனால கிளி எனக்குத்தானே சேரணும்?"

நர்ஸம்மா மகளைப் பார்த்தாள். மகள் செல்போனைப் பார்த்தாள்.

நேற்றுச் சாயங்காலம், டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில், அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் நர்ஸம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "அம்மா, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதே. நீயும் அப்பாவும் ஏன் பேசிக்கவே மாட்டீங்க? எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல எப்பவும் 'உஷ், அம்மா தூங்கறா'தான்." வார்டில் விடிய விடிய அந்தக் கேள்வியே ஓடியது. சொந்தக்காரர்கள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்ற பெண் நம்பிவிட்டாளே. அம்மாவும் அப்பாவும் ஒரே கூரையில் இரண்டு அந்நியர்கள் என்று நினைத்தபடியே அவள் நாளை ரயிலேறிவிடுவாளே. கொஞ்ச காலத்தில் தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுவாளே.

"அண்ணி" என்றாள் நர்ஸம்மா. "ஒரு கேஸ் நடக்குதுன்னு வெச்சுக்கங்க. சாட்சிகிட்ட முதல்ல என்ன கேட்பாங்க?"

"என்னது?"

"சம்பவம் நடந்தப்போ நீ அங்க இருந்தியான்னு கேட்பாங்க. இந்தக் கிளிகிட்ட யாராவது கேட்டீங்களா?"

நாத்தனார் தம்ளரைக் கீழே வைத்தார்.

நர்ஸம்மாவின் குரல் உயரவில்லை. நோயாளி கத்தும்போதெல்லாம் இன்னும் தணிந்த குரலில் பேசிப் பழகியவள். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

"காலையில எட்டு மணிக்கு நான் உள்ளே வருவேன். அது கத்தி என்னை எழுப்பிடும்னு அவர் உடனே கூண்டைத் தூக்கி காரு பின்சீட்டுல வெச்சுட்டு மைதானத்துக்குப் போயிடுவார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவார். வந்து கூண்டைக் காரிலேயே விட்டுட்டு, கண்ணாடியை இறக்கி வெச்சுட்டு உள்ளே வருவார். ஏன் தெரியுமா? நாங்க ரெண்டு பேரும் பேசினா அதுக்குப் பொறுக்காது. கம்பியைக் கடிச்சு, கூண்டை ஆட்டி, வீடே அதிரும். உங்க தம்பி எனக்கும் கிளிக்கும் நடுவில ஒரு முடிவு எடுத்தார் அண்ணி. நான் ஆறரைக்கு பஸ் ஏறுற வரைக்கும் அது வெளியே. நான் போன அப்புறம்தான் கூண்டு இந்த அறைக்குள்ள வரும். அப்போ இவர் தனியா உக்காந்திருப்பார். என்ன செய்வார்? உங்களுக்கு போன் போட்டு, அக்கா சாப்பிட்டியான்னு கேட்பார். இந்தக் கிளிக்குத் தெரிஞ்ச உங்க தம்பி, நான் வீட்டுல இல்லாத தம்பி. அதைக் கேட்டுட்டு நான் அவருக்கு யாருமே இல்லன்னு நீங்க தீர்ப்பு சொல்றீங்க."

"இப்ப நீ எது வேணா சொல்லலாம்" என்றார் நாத்தனார். "கேட்டது யாரு? நீயும் அவனும்தான். அவன் இல்ல."

இதுதான் அவளை மிகவும் கொதிக்க வைத்தது. உண்மையைச் சொன்னால் சாட்சி கேட்கிறார்கள். முப்பது வருடம் ஒருவனோடு வாழ்ந்தவள், அவன் தன்னோடு பேசினான் என்று நிரூபிக்க வேண்டுமாம். கடித்துத் துப்புகிற ஒரு பறவைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அது வாயைத் திறந்தாலே போதும், கண்ணில் தண்ணீரோடு ஊரே நம்பும். வெளியே நிற்கிற மரத்தைப் பாருங்கள். அது அவள் தூக்கத்துக்காகப் பிறந்தது, கிளைகளில் இன்னமும் விளம்பரத் துணி கட்டின கயிற்றுத் தழும்பு இருக்கிறது. அதைக் காட்டினால் "அதுவா, விறகுக்கு ஆகாது" என்கிறார்கள். நாக்கு உள்ளதுக்குத்தான் நியாயம் என்றால் நாக்கில்லாதது எல்லாம் என்ன, பொய்யா?

"நான் ஏன் அண்ணி நிரூபிக்கணும்? நீங்களும் உங்க வீட்டுக்காரரும் பேசினதுக்கு நான் என்னிக்காவது சாட்சி கேட்டேனா? அந்த ஒன்றரை மணி நேரம் நாங்க என்ன பேசினோம்னு சொல்லவா? பெரிய காதல் வசனம் எல்லாம் இல்ல. அவர் அன்னிக்கு எந்த ஸ்டூடண்டு எந்தக் கம்பத்துல இடிச்சான்னு சொல்வார். நான் வார்டுல நடந்ததைச் சொல்வேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பல நாள் பஸ் போயிருக்கு. பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல ரெண்டு பெரியவங்க இருந்தாங்க. ஒருத்தர் ரிடையர் ஆன வாத்தியார், பரம சாது. இன்னொருத்தர் லாரி ஓட்டினவர், வாயைத் திறந்தா வார்டே காதைப் பொத்திக்கும். ரெண்டு பேரும் ராத்திரி பல்செட்டைக் கழட்டித் தம்ளர்ல போட்டு வைப்பாங்க. ஒரு நாள் காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்போ அந்த வாத்தியார் அவரைப் பார்த்து அசிங்க அசிங்கமா..."

"திட்டிட்டார்" என்றாள் மகள்.

நர்ஸம்மா நிறுத்தினாள்.

மகள் செல்போனை மடியில் போட்டுவிட்டாள். "திட்டிட்டு, உடனே கையைக் கூப்பி, 'மன்னிச்சுக்குங்க டாக்டர், நான் திட்டல. இது பக்கத்துக் கட்டில்காரர் பல்லு'ன்னு சொன்னார்."

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நர்ஸம்மா.

"அப்பா சொன்னார். அத்தை வீட்டுலேருந்து கூட்டிட்டு வரும்போது காருல. தினமும் ஒண்ணு சொல்வார். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்ச போலீஸ்காரர். டிஸ்சார்ஜ் ஆன அப்புறமும் வார்டு டீ குடிக்கத் தினம் வந்துட்டுப் போனாரே, அந்தத் தையல்காரர்..."

"சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுத்தாரே. எல்லா டாக்டருக்கும்."

"ஆமா. பட்டன் டெய்லர்." மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "நான் அப்பாவே கற்பனை பண்ணிச் சொல்றார்னு நினைச்சிட்டிருந்தேன்மா. எல்லாக் கதையும் ஆஸ்பத்திரியிலயே நடக்குதேன்னு யோசிச்சதே இல்ல."

"உங்கப்பாவுக்குக் கற்பனையா? கிளிக்கு கியர்னு பேர் வெச்ச மனுஷன்."

மகள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அது அழுகையாக உடைந்தது. எழுந்து வந்து அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "தினம் தினம் நீ சொன்னதைத்தான்மா அவர் எனக்குச் சொல்லியிருக்கார்" என்றாள். நர்ஸம்மா அவள் முதுகைத் தடவினாள். அந்தக் கைக்கு முதுகு தடவத் தெரியும். ஆயிரம் பேருக்குத் தடவியிருக்கிறது. இந்த ஒரு முதுகுக்குத்தான் நேரம் கிடைக்காமல் போயிருந்தது.

"என்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னதே இல்லையே" என்றார் நாத்தனார்.

யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மேசையிலிருந்த தன் தம்ளரைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. இத்தனை வருடம் தினமும் போன். தினமும் "அக்கா, சாப்பிட்டியா?" அதற்கு மேல் அந்தத் தம்பி என்ன பேசினான் என்று யோசித்துப் பார்க்கிற மாதிரி அவர் முகம் கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. "சாப்பிட்டேன்டா" என்பார், "சரி வெச்சிடட்டுமா" என்பான். அவ்வளவுதானோ என்னவோ.

"லெஃப்ட் பாரு" என்றது கிளி. "ரைட் பாரு."

நர்ஸம்மாவுக்கு அந்த வெறுமையைப் பார்க்க ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான். இந்த அம்மாள் ஐந்து மாதமாகச் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய், காபி குடித்துக்கொண்டே நர்ஸம்மாவின் வாழ்க்கையைத் துணி துவைப்பது போல அடித்துப் பிழிந்தது நினைவுக்கு வந்தது. பாவம் போய்விட்டது.

எழுந்து ஜன்னலோரத்துக்குப் போனாள். பழைய கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். கிளி படபடவென்று இறக்கையை அடித்து, கம்பியைக் கடித்தது.

"புதுக் கூண்டுல போட்டா மிரளும்" என்றாள். "இதோடயே எடுத்துட்டுப் போங்க. புதுசையும் எடுத்துட்டுப் போங்க, எனக்கு வேண்டாம். தண்ணி தினம் மாத்தணும். உப்பு, எண்ணெய் பட்டது எதுவும் குடுக்காதீங்க. பச்சை மிளகாய்னா உசிரை விடும். காத்தாடிக்குக் கீழ தொங்க விடாதீங்க."

டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வது போலவே சொன்னாள். நாத்தனார் திகைத்துப்போய் எழுந்தார்.

"அம்மா, நிஜமாவா?" என்றாள் மகள்.

"அது கூப்பிடுறது அவங்களைத்தானே. நான் டியூட்டி முடிஞ்சு கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் 'அக்கா, சாப்பிட்டியா'ன்னு கேட்கும். ரெண்டு மூணு தடவை நானும் 'இன்னும் இல்ல'ன்னு பதில் சொல்லியிருக்கேன், பைத்தியக்காரி மாதிரி. போதும். எனக்கு வராத போனை நான் ஏன் எடுக்கணும்?"

நாத்தனார் கூண்டை வாங்கிக்கொண்டார். அவசரமாக வாங்கினார், இவள் மனம் மாறிவிடுவாளோ என்பது போல. பிறகு வாசல் நிலையருகில் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பழைய குரலை எடுத்தார்.

"நல்லா இரு. நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல. கிளி சொன்னதைத்தான் சொன்னேன்."

"அண்ணி, கிளி கேட்டதைச் சொல்லும். நீங்க கேட்காததைச் சொன்னீங்க. அதைச் சொன்ன வீட்டுல எல்லாம் போய் நீங்களே திருப்பிச் சொல்லணும். இல்லன்னு சொல்லணும்."

"யார்கிட்ட போய் என்னத்தைச் சொல்றது, இந்த வயசுல? எல்லாரும் மறந்திருப்பாங்க."

"மறக்க மாட்டாங்க. நீங்க நல்லாச் சொல்லியிருக்கீங்க."

நாத்தனார் உதட்டைப் பிதுக்கினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாய் வரைக்கும் கூட வரவில்லை. வந்ததென்றால் அவர் நாத்தனாரே இல்லை. நர்ஸம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கமில்லாத கண்கள் எரிந்தன.

"சொல்லலைன்னா விடுங்க" என்றாள். "கேட்க வேண்டியவ கேட்டுட்டா."

மகள் புதுக் கூண்டைத் தூக்கிக்கொண்டு அத்தைக்குப் பின்னால் படியிறங்கினாள். வாடகைக் காரின் பின்சீட்டில் இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். டிரைவர் திரும்பிப் பார்த்து ஏதோ கேட்க, கிளி அவருக்கு மாஸ்டர் குரலில் கிளட்சைப் பற்றிப் பாடம் எடுத்தது. வாசலில் விழுந்து கிடந்த பூக்களை மிதிக்காமல் சுற்றி வந்து மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். நேராக உள்ளறைக்குப் போய், அம்மாவின் கட்டிலில் விரிப்பை உதறிப் போட ஆரம்பித்தாள்.

நாத்தனார் காரில் ஏறி உட்கார்ந்தார். ஆனால் போகச் சொல்லவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, கூண்டின் மேல் ஒரு கையை வைத்தபடி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்துவிட்டுப் போனாலும் நர்ஸம்மா கேட் வரைக்கும் வருவாள். எவ்வளவு தூக்கமானாலும், எவ்வளவு கோபமானாலும் வந்து, "பார்த்துப் போங்க அண்ணி, மாத்திரையை மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். அதற்காகத்தான் காத்திருந்தார்.

நர்ஸம்மா நிலைப்படியில் நின்றாள். கார் கிளம்பாமல் நின்றது. டிரைவர் ஹாரனை லேசாகத் தொட்டார்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.